எல்லா வீட்டுக்கும் ஒரே ஜெபமா, ஆளுக்குத் தக்க ஊழியமா?

11 பிப்ரவரி 2024. வாசகர் ஒருவரின் கேள்வி

எங்கள் சேகரத்தில் (சபை வட்டாரத்தில்) லெந்து காலத்துக்கு, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்துக்கு, வீடு சந்திப்பு அட்டவணை போடுகிறோம். ஒரு வீட்டுக்குப் பதினைந்து நிமிடம்: ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஒரு ஜெபம். எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி. கமிட்டியில் ஒருவர் "ஆளுக்குத் தக்கபடி செய்யணும்" என்று ஆரம்பித்தார். என் கருத்து வேறு. சுவிசேஷம் ஒன்று, தேவையும் ஒன்றுதான், அது இரட்சிப்பு. ஆளைப் பார்த்து மாற்றினால் அது பட்சபாதம். கடைசியில் மாடி வீட்டில் அரைமணி நேரம், குடிசையில் ஐந்து நிமிடம் என்று முடியும். மறுக்கிறவர்கள் வசனத்தோடு மறுக்கவும்.

11 பிப்ரவரி, இரவு

வசனத்தோடேயே வருகிறேன் தம்பி. பட்சபாதம் பற்றிய பயம் நியாயமானது. பொன்மோதிரம் போட்டவருக்கு நல்ல இடமும் கந்தை கட்டினவருக்குக் காலடியும் என்று யாக்கோபு 2-ல் சொல்லியிருப்பது இன்றும் நம் ஊர்களில் நடக்கிறது, நாற்காலி மட்டும் பிளாஸ்டிக்காகியிருக்கிறது. ஆனால் அதைத் தடுக்க எல்லாருக்கும் ஒரே அளவாகக் கொடுப்பது வழியில்லை. 1 தெசலோனிக்கேயர் 5:14 பாருங்கள்: "ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்தி சொல்லுங்கள், திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள், எல்லாரிடத்திலும் நீடிய சாந்தமாயிருங்கள்." மூன்று வகை ஆட்களுக்கு மூன்று வேலை. எல்லாருக்கும் பொது என்றால் அந்த நீடிய சாந்தம் ஒன்றுதான். இதை இடம் மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? மனம் உடைந்து கிடக்கிற பெண்ணிடம் "விசுவாசம் குறைச்சல்" என்று புத்தி சொல்லுவோம், காணிக்கைக் கணக்கில் கை வைத்தவரைப் "பாவம், என்ன கஷ்டமோ" என்று தேற்றுவோம். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆதி சபையில் சொத்தை விற்றுக் கொண்டுவந்து வைத்தார்களே, அதை எப்படிப் பகிர்ந்தார்கள்? தலைக்கு இவ்வளவு என்றா? "அவனவனுக்குத் தேவையானதற்குத்தக்கதாய்." அப்போஸ்தலர் 4:35.

14 பிப்ரவரி

இன்று சாம்பல் புதன், லெந்து தொடங்குகிற நாள். ஆராதனை முடிந்து வந்து பார்த்தால் இங்கே பெரிய சண்டை. ஒரு அண்ணன் "இதெல்லாம் கவுன்சிலிங் படிப்பு வந்த பிறகு மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான பேச்சு" என்று எழுதியிருக்கிறார். இறக்குமதி என்றால் ரொம்பப் பழைய இறக்குமதி அண்ணன்.

590-ல் ரோமில் கொள்ளைநோய். போப் இரண்டாம் பெலாகியுஸ் அதிலேயே இறந்துபோனார். அடுத்து கிரகோரியாரைப் பிடித்து அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். அவருக்கு அதில் கொஞ்சமும் விருப்பம் இல்லை. ஏன் ஓடப் பார்த்தாய் என்று கடிந்துகொண்ட ராவென்னா ஆயர் யோவானுக்குப் பதிலாகத்தான் ஆயர் பணி பற்றிய தன் நூலை எழுதினார். நான்கு பாகம். மூன்றாவதுதான் மற்ற எல்லாவற்றையும்விட நீளம், அது முழுக்க நம் கேள்விதான். ஆண்களுக்கு எப்படிச் சொல்வது, பெண்களுக்கு எப்படி; ஏழைக்கு எப்படி, செல்வந்தருக்கு எப்படி; எப்போதும் சிரிக்கிறவர், எப்போதும் சோகமாக இருப்பவர்; வாய் ஓயாதவர், வாயே திறக்காதவர்; சுகமாயிருப்பவர், படுத்த படுக்கையாயிருப்பவர். இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட ஜோடிகள். ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்: குதிரையை அடக்குகிற மெல்லிய சீழ்க்கை நாய்க்குட்டியைத் துள்ளிக் குதிக்க வைக்கும், ஒரு நோயைத் தணிக்கிற மருந்து இன்னொன்றை வளர்த்துவிடும்.

இதிலும் அவர் முதல் ஆள் இல்லை. நாசியான்சு கிரகோரியார் என்று இன்னொருவர், அவருக்கு இருநூறு வருடத்துக்கும் மேல் முந்தியவர். சொந்தத் தகப்பனார் பிடித்துக் குருப்பட்டம் கொடுக்க, ஊரைவிட்டே ஓடினவர். திரும்பி வந்து ஏன் ஓடினேன் என்று விளக்கம் எழுதினார். மனிதரை நடத்துவதுதான் கலைகளிலெல்லாம் பெரிய கலை, உடம்பு வைத்தியத்தைவிடக் கஷ்டம், ஒவ்வொருவருக்கும் மருந்து வேறே, இதுதான் அதன் சாரம். ரெண்டு கிரகோரியார்களும் வேலையைக் கண்டு பயந்தவர்கள். பயப்படாமல் அட்டவணை போடுகிறவர்களைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

16 பிப்ரவரி

சின்னக் குறிப்பு. அட்டவணையில் ஒரு கூட்டத்துக்கு எத்தனை பேர்? பதினைந்து பேர் வருகிறோம் என்றால் அந்த வீட்டு அம்மா பதினைந்து காப்பி போடணும், பக்கத்து வீட்டில் டம்ளர் வாங்கணும், காலையிலேயே ஒரு லிட்டர் பால் கூடுதலாக எடுத்து வைக்கணும். ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று வந்தவள் அடுப்படியில் நிற்க, வரவேற்பறையில் நாம் அவளுடைய சுகத்துக்காக ஜெபிக்கிறோம். ஆளுக்குத் தக்க ஊழியம் என்பதை இங்கேயிருந்தே ஆரம்பிக்கலாம். "காப்பி வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் போதாது, நம் வீடுகளில் அது மரியாதைக்குச் சொல்வது, யாரும் நம்ப மாட்டார்கள். பிளாஸ்க்கைக் கையோடு கொண்டுபோங்கள்.

அப்புறம் நீதிமொழிகள் 27:14. அதிகாலையில் எழுந்து உரத்த சத்தத்தோடே சிநேகிதனுக்குச் சொல்லும் ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படும். ஸ்பீக்கரோடு விடியற்காலை பஜனை போகிற குழுக்கள் இந்த வசனத்தை மட்டும் எப்படித் தாண்டிப் போகின்றன என்று எனக்குப் பல வருட ஆச்சரியம்.

18 பிப்ரவரி

"இயேசு எல்லாருக்கும் ஒரே செய்திதானே சொன்னார்?" இது தம்பியின் அடுத்த கேள்வி.

யோவான் 11-ஐ மெதுவாக வாசியுங்கள். லாசரு இறந்து நாலு நாள். மார்த்தாள் எதிர்கொண்டு வந்து "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்கிறாள். பிறகு மரியாள் வருகிறாள், அதே வார்த்தைகளைச் சொல்கிறாள். ரெண்டு சகோதரிகள், ஒரே துக்கம், ஒரே வாக்கியம். மார்த்தாளோடு அவர் பேசுகிறார், உயிர்த்தெழுதலைப் பற்றிக் கேள்வி கேட்கிறார், "இதை விசுவாசிக்கிறாயா" என்கிறார். மரியாளிடம் அந்தப் பாடம் எதுவும் இல்லை. எங்கே வைத்தீர்கள் என்று கேட்கிறார், கண்ணீர் விடுகிறார். எங்கள் வீட்டிலேயே பாருங்கள், அப்பா இறந்தபோது என் அண்ணனுக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பரலோகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கணும், எனக்கு அந்தப் பேச்சு காதில் விழுந்தாலே எரிச்சல். ஒரே பெட்டியைத்தான் ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பர்திமேயு இன்னும் நல்ல உதாரணம். கண் தெரியாதவன், எரிகோ வழியோரம் பிச்சைக்கு உட்கார்ந்திருக்கிறவன். அவனுக்கு என்ன வேண்டும் என்று கூட்டத்தில் யாருக்குத்தான் தெரியாது? அவரோ "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்?" என்று கேட்கிறார். அவன் வாயால் சொல்லும்வரை பொறுத்திருக்கிறார்.

25 பிப்ரவரி

கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்று சொல்வதில் என்ன தவறு, அது வசனம்தானே" என்று ஒரு அக்கா கேட்டிருந்தார்கள்.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு நிறைமாதத்தில் குழந்தை இறந்தே பிறந்தது. வந்தவர்கள் எல்லாரும் அந்த வசனத்தைச் சொன்னார்கள். அவள் தலையாட்டினாள். யோபு அதைச் சொன்னது தன் சொந்தப் பிள்ளைகளுக்காக, தன் சொந்த வாயால். பக்கத்தில் நின்று யாரும் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனுடைய சிநேகிதர்கள் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது.

அந்தப் பெண்ணுக்கு உதவியது எது என்று ரொம்ப நாள் கழித்து அவளே சொன்னாள். ஒன்று, எங்கள் சபையில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர். அவர் வந்து கதவைச் சாத்திவிட்டு, பால் கட்டியிருக்கிறதா என்று கேட்டார். குழந்தை இல்லாவிட்டாலும் பால் சுரக்கும், கட்டிக்கொண்டு வலி உயிர் போகும், அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்து, டாக்டரிடம் கூட்டிப்போனார். இரண்டு, குழந்தைக்கு என்ன பெயர் வைக்க நினைத்திருந்தீர்கள் என்று குருவானவரின் மனைவி கேட்டது. ஜெபத்தில் அந்தப் பெயரையே சொன்னார்கள். அன்றைக்குத்தான் அழுதாள். இந்த இரண்டும் எந்த அட்டவணையிலும் வராது.

இதை எழுதிவிட்டு ஒரு பயம் வருகிறது. யாராவது இதைப் படித்துவிட்டு, குழந்தை இறந்த வீட்டுக்கெல்லாம் போய்ப் பெயர் கேட்க ஆரம்பித்துவிடக் கூடாது. இன்னொருத்திக்கு அந்தக் கேள்வியே தாங்க முடியாததாக இருக்கும்.

27 பிப்ரவரி

நான் பயந்தது வேறு ரூபத்தில் நடந்துவிட்டது. ஒரு நண்பர் உற்சாகமாகப் படிவம் ஒன்று தயார் பண்ணிப் போட்டிருக்கிறார். விதவை, முதியோர், நோயாளி, வேலையில்லாத வாலிபர், குடிப்பழக்கம் உள்ள வீடு என்று கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கீதம், ஒரு மாதிரி ஜெபம். உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் இது பழைய அட்டவணைதான், ஐந்தாகக் கிழித்திருக்கிறீர்கள்.

கிரகோரியாரின் ஜோடிகளை நான்தான் இங்கே கொண்டுவந்தேன், அதனால் இதையும் சொல்லவேண்டும். ஏழைக்கு ஆறுதல் சொல், செல்வந்தனுக்குப் பயத்தை உண்டாக்கு என்று எழுதிய கையோடு, அடுத்த சில வரிகளிலேயே, சில நேரம் செல்வந்தன் தாழ்மையாக இருப்பான், ஏழை அகந்தையாக இருப்பான், அப்போது மாற்றிப் பேசு என்கிறார். சில செல்வந்தரை மிரட்டிச் சரிப்படுத்த முடியாது, இதமாகத்தான் தொடவேண்டும் என்பதற்கு, சவுலின் ஆவேசம் தாவீதின் சுரமண்டலத்துக்கு அடங்கியதைச் சொல்கிறார். தானே போட்ட கட்டத்தைத் தானே உடைக்கிற மனுஷன். அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும்.

விதவை என்ற கட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் ஒருவர், கணவர் போய் ஆறேழு மாதம் ஆகிறது. எல்லாரும் போய் "தனிமை" பற்றி ஜெபிக்கிறார்கள். அவருக்குத் தனிமை ஒன்றும் பிரச்சினை இல்லை, குடித்து அடித்த மனுஷனிடமிருந்து விடுதலை கிடைத்த முதல் வருஷம் அது. கணவர் பெயரில் இருந்த வீட்டு வரியையும் இணைப்புகளையும் மாற்றத் உள்ளாட்சி ஆபீசுக்கும் மின்வாரியத்துக்கும் நடக்கத் துணை வேண்டும், வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். சங்கீதம் 146:9 அச்சடித்த அட்டையோடு மூன்று குழு வந்து போயிருக்கிறது.

3 மார்ச்

வேலூரில் படித்த ஒருவர் டாக்டர் பால் பிராண்டை நினைவுபடுத்தியிருக்கிறார். நல்ல நேரத்தில் வந்தது.

கொல்லிமலையில் 1914-ல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு) வந்தார். தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை, வேலை செய்கிற தசைநார்களை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தினார். அந்தக் காலத்தில் தொழுநோயாளியை ஆபரேஷன் தியேட்டருக்குள் விடுவதே பெரிய விஷயம். இப்படிக் கை சரியாகி ஊருக்குப் போனவர்களில் சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தார்கள். கை மடங்கி இருந்தபோது பிச்சை விழுந்தது. இப்போது கையைப் பார்த்து யாரும் போடுவதில்லை, முகத்தைப் பார்த்து யாரும் வேலை தருவதும் இல்லை. டாக்டருக்குத் தெரிந்த தேவை விரல், அந்த ஆளின் தேவை சாப்பாடு. அதனால் வளாகத்திலேயே குடிசைகள் போட்டு, தச்சு வேலை முதலானதைச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். அங்கேயும் இன்னொன்று தெரியவந்தது: உணர்ச்சி இல்லாத கையில் சுத்தியல் பிடித்தால் புண் வருவது தெரியாது. ஆக ஒவ்வொருவரும் எந்த வேலையில் எங்கே காயப்படுகிறார் என்று பார்த்து, கருவியின் பிடியை மாற்றினார்கள். பாதத்துக்கும் அப்படியே, மெத்தென்ற ரப்பரில் செருப்பு.

பிராண்டிடம் வேலை பழகிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயல் இழந்தவர். நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய அறுவைச் சிகிச்சை என்று இந்தக் கை ஆபரேஷன்களுக்கு வந்தார். பிறகு 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையத்தைத் தொடங்கினார்கள். பாகாயத்தில் உள்ள மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கவேண்டும் என்ற ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. நம் ஊரில் ஒருவருக்கு மனநோய் என்றால் அது அவர் ஒருவருடைய பிரச்சினையாக நிற்பதில்லை என்று புரிந்து செய்த ஏற்பாடு அது.

இவர்கள் யாரும் "ஆளுக்குத் தக்க ஊழியம்" என்று கமிட்டியில் விவாதித்ததாகத் தெரியவில்லை. நோயாளி திரும்பி வந்து குறை சொன்னபோது காது கொடுத்தார்கள்.

10 மார்ச்

நேரம் இல்லை, நேரம் இல்லை என்று நாலு பேர். சரி, 1656-ல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் பாக்ஸ்டர் என்ற பியூரிட்டன் குரு எழுதினதைச் சொல்கிறேன். கிடர்மின்ஸ்டர் ஊரில் அவருடைய சபையில் 800-க்கும் மேல் குடும்பங்கள். அவரும் உதவியாளரும் திங்கள், செவ்வாய் முழுவதும் இதற்கென்றே ஒதுக்கி, வாரம் 15, 16 குடும்பங்கள் வீதம், ஒரு வருஷத்தில் எல்லாரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசினார்கள். பத்து வருஷம் பிரசங்கம் கேட்டும் ஒன்றும் ஏறாத சிலருக்கு அரைமணி நேரம் நேருக்கு நேர் பேசினதில் ஏறியது என்கிறார் அவர். இத்தனைக்கும் மனுஷன் நிரந்தர நோயாளி.

உங்கள் அட்டவணைப்படி ஒரு சாயந்திரத்தில் எட்டு வீடு. எண்ணிக்கை நன்றாக இருக்கும், வருடாந்திர அறிக்கையில் போடலாம்.

17 மார்ச்

மறுபக்கத்தையும் பேசவேண்டும். "ஆளுக்குத் தக்கபடி என்று ஆரம்பித்தால், கேட்கிறவனுக்குப் பிடித்ததைச் சொல்வதில் முடியும்" என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். ஐயா, இது உண்மையான ஆபத்து. எனக்கே இதில் முழுத் தெளிவு கிடையாது.

நாத்தான் தாவீதிடம் போனதைத்தான் யோசிக்கிறேன். சொல்லவேண்டியதை அவர் குறைக்கவில்லை. ராஜாவிடம் நேராகப் போய்க் குற்றம் சாட்டினால் காது அடைத்துக்கொள்ளும் என்று தெரிந்து, ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி, தீர்ப்பை அவன் வாயாலேயே வாங்கி, பிறகு "நீயே அந்த மனுஷன்" என்றார். சொன்ன விதம் ஆளுக்காக மாறியது, விஷயம் மாறவில்லை. இதுவரை சரி. ஆனால் விஷயமே மாறவேண்டிய இடமும் உண்டு என்றுதான் நினைக்கிறேன். ரூத் கஞ்சி குடிக்க வழியில்லாமல் நிற்கும்போது தசமபாகம் பற்றிப் போதிக்க முடியாது. எலியா சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டபோது, தூதன் அவனுக்குப் போதகம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், திரும்பவும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகு வருகிறது.

குடியை விட்ட ஒருவர் எங்கள் சபையில் உண்டு. திராட்சரசத்தின் வாசனையே அவரை ஆட்டிவிடும் என்று நற்கருணைக்கு வருவதை நிறுத்தியிருந்தார், பின்வாங்கிப்போனார் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். காரணம் தெரிந்ததும் குருவானவர் அவருக்கு அப்பம் மட்டும் கொடுத்தார், வேறு யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. "ஒருத்தருக்காக ஒழுங்கை மாற்றலாமா" என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அதே ஆள் வீட்டில் மனைவிமேல் கை நீட்டியபோது இதே குருவானவர் போய்க் கடுமையாகவே பேசினார். ரெண்டும் ஒரே மனுஷனுக்குத்தான். ஒரு ஆளுக்குள்ளேயே திடனற்றவனும் ஒழுங்கில்லாதவனும் இருக்கிறார்கள், பவுலின் பட்டியலை இப்படியும் வாசிக்கவேண்டும் போல.

19 மார்ச்

"ரூத்துக்கு எங்கே கஞ்சி, வயலில் பொறுக்கின வாற்கோதுமைதானே" என்று ஒரு வேதபாட வாத்தியார் திருத்தம் போட்டிருக்கிறார். நன்றி வாத்தியார். வாற்கோதுமையிலும் கஞ்சி வைக்கலாம்.

25 மார்ச்

குருத்தோலை ஞாயிறு முடிந்தது. கேள்வி கேட்ட தம்பி நேற்று இரவு நீளமாக எழுதியிருக்கிறார். அட்டவணையைப் பாதியாக்கினார்களாம், மூன்று மூன்று பேராகப் போனார்களாம், எல்லா வீட்டிலும் "உங்களுக்கு என்ன தேவை" என்று கேட்டார்களாம். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "ஒன்றுமில்லை, ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள்." "கேட்கச் சொன்னீர்கள், கேட்டோம், என்ன பிரயோஜனம்" என்று கோபம் வேறு.

தம்பி, மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரி எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது ஒரு மருமகள் என்ன சொல்லுவாள்? மாற்கு 7-ல் செவிடனாயிருந்தவனை ஜனக்கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துப்போகிறார். காது கேட்காதவனிடம் வாயால் சொல்லிக்கொண்டிருக்காமல் விரலால் காதையும் நாவையும் தொடுகிறார், அவனுக்குப் புரிகிற விதத்தில். கேட்பதையும் ஆளுக்குத் தக்கபடிதான் கேட்கவேண்டியிருக்கிறது. நம் பெண்கள் கிணற்றடியில், இப்போது குழாயடியில், பஸ் ஸ்டாப்பில் சொல்லுவார்கள். ஆண்கள் பைக்கைத் துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொல்லுவார்கள். வாலிபர்கள் ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில். "என்ன தேவை" என்று கேட்டால் நமக்கு மனு கொடுக்கிற மாதிரி இருக்கும், மானமுள்ளவர் யாரும் சொல்ல மாட்டார். "நாளைக்கு மார்க்கெட்டுக்குப் போகிறேன், உங்களுக்கும் ஏதாவது வாங்கணுமா" என்றால் அதற்குப் பதில் வரும், அதன் பின்னாலேயே மற்றதும் வரும்.

இன்னொரு காரணமும் உண்டு, யாரும் எழுதமாட்டீர்கள், நானே எழுதுகிறேன். நம்மிடம் சொன்னது ஊருக்குத் தெரிந்துவிடும். "அந்த வீட்டுப் பிள்ளைக்காக விசேஷமாக ஜெபிப்போம், காரணம் கேட்காதீர்கள்" என்று வெள்ளிக்கிழமை ஜெபக்குழுவில் அறிவித்தால் சனிக்கிழமை கடைத்தெரு முழுக்கக் காரணம் தெரியும். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் நாம் நடத்துகிற செய்தி ஒலிபரப்பை நிறுத்தாதவரை "ஒன்றுமில்லை" என்பதுதான் புத்தியுள்ள பதில்.

14 ஏப்ரல்

ஈஸ்டர் வேலையில் இங்கே வரவில்லை. மறதி நோய் உள்ள தாயார் பற்றிக் கேட்ட சகோதரிக்கு: புது மொழிபெயர்ப்பு வேண்டாம். அவர் சின்ன வயதில் மனப்பாடம் செய்த பழைய வேதாகமத்திலிருந்தே வாசியுங்கள், பாமாலையில் அவர் ஞாயிறு பள்ளியில் பாடினதைப் பாடுங்கள். பேர் மறந்தவர்களுக்கும் பாட்டு ரொம்ப நாள் நிற்கும். எங்கள் சபையில் ஒரு பழைய தலைமையாசிரியர் மகனையே "நீங்க யாரு" என்று கேட்பார், வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றை ஆரம்பித்தால் சரணம்வரை தாளம் தப்பாமல் போவார், நாம் தப்பினால் திட்டுவார். "என்னைத் தெரிகிறதா" என்று மட்டும் கேட்காதீர்கள். பரீட்சையில் தோற்கிற மாதிரி ஆகிவிடும் அவருக்கு.

உங்களுக்கு யார் ஓய்வு தருகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லையே. ஞாயிறு ஆராதனைக்கு நீங்கள் போய்வர, யாராவது ஒருவர் வீட்டில் அம்மாவோடு இருக்க முடியுமா என்று உங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குத் தோன்றாது, சொன்னால் செய்வார்கள்.

2 ஜூன்

இழை செத்துவிட்டது என்று நினைத்தேன், தம்பி திரும்ப வந்திருக்கிறார். வாலிபர் குழு புற்றுநோய் வார்டுக்குப் போகிறதாம், கிட்டார் கொண்டுபோகலாமா என்று கேட்கிறார். அட்டவணை பற்றி ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

முதலில் வார்டு சிஸ்டரைப் பாருங்கள். யார் பேசுகிற நிலையில் இருக்கிறார், யாருக்கு இன்றைக்கு வலி அதிகம் என்று அவருக்குத் தெரியும். வலி தாங்காமல் துடிக்கிறவருக்கு எந்த வசனமும் காதில் ஏறாது. 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டபர்ஸ் ஹாஸ்பிஸ் (மரணத் தறுவாயில் உள்ளவர்களைப் பராமரிக்கும் இல்லம்) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் நல்ல விசுவாசி. முதலில் நர்ஸ், பிறகு சமூகப் பணியாளர், அதற்கும் பிறகு டாக்டர். வலி வந்து கத்தும்வரை காத்திராமல் நேரம் தவறாமல் மார்ஃபின் கொடுக்கவேண்டும் என்பதற்காகப் பாடுபட்டவர். உடம்பு வலி, மன வலி, வீட்டுக் கவலை, ஆத்தும வலி எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு நோயாளியின் வலி என்றார். வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் பாட்டை நிறுத்திவிட்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

கிட்டார் ஒருவர் கட்டிலில் கேட்டால் பத்துக் கட்டிலுக்கும் கேட்கும், பக்கத்துக் கட்டில்காரர் வேறு மதத்தவராக இருக்கலாம், இப்போதுதான் கண் அயர்ந்திருக்கலாம். நீதிமொழிகள் 25:20-ஐயும் ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள், மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவனைப் பற்றியது. வராந்தாவில் ஒருவர் கேட்டு வாங்கிப் பாடச் சொன்னால் பாடுங்கள். கட்டிலின் கால்மாட்டில் வரிசையாக நிற்காதீர்கள், ஒருவர் மட்டும் போய் உட்காருங்கள். பெண்பிள்ளைகள் மல்லிகைப்பூ வைத்துப் போகவேண்டாம், ஆண்பிள்ளைகள் சென்ட் அடிக்கவேண்டாம், கீமோ ஏறுகிறவர்களுக்கு வாசனை குமட்டும். துணைக்கு இருக்கிறவர்கள் சாப்பிட்டார்களா என்று விசாரியுங்கள். அவர்கள் கேண்டீனுக்குப் போய் வரும்வரை ஒரு பையன் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு இருந்தால் போதும். டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்தால் யாரிடம் சொல்லவேண்டும் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.